அத்தியாயம் 6: முழங்கையால் திறந்த கதவு

மைக்ராஸ்கோப் காணாமல் போய்விட்டது என்று சிவதாணு அண்ணாச்சி அறிவித்ததும் இருபத்துமூன்று ஆசிரியர்களும் கை தட்டினார்கள்.

தட்டியதோடு விடவில்லை. நோட்டைத் திறந்து, தேதி போட்டு, 'களவு போன பொருள்: மைக்ராஸ்கோப், ஒன்று' என்று எழுதவும் தொடங்கினார்கள். அறிவியல் ஆசிரியர்கள் அல்லவா, கட்டம் போட்டு எழுதாமல் எதையும் நம்ப மாட்டார்கள்.

"இது பயிற்சி இல்ல, கேட்டியளா," என்றார் அண்ணாச்சி. "நெசமாட்டே காணல்ல."

"நடிப்பு நல்லா உண்டு சாரே," என்றார் முன்வரிசையில் ஒருவர். மறுபடியும் கைதட்டல்.

தொண்ணூற்றாறு டிசம்பர், கிறிஸ்துமஸ் விடுமுறை. குளத்தூருக்கு அப்பால், நாலு தென்னந்தோப்பு தாண்டினால் தமிழ்நாடு என்று சொல்லும்படியான ஒரு கேரளக் கிராமத்துப் பள்ளிக்கூடம். தமிழ் வழி அறிவியல் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. துப்பறிகிற வித்தையைக் காட்டினால் பிள்ளைகள் அறிவியலை விரும்பிப் படிப்பார்கள் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. பென்சில் கரியைப் பொடி செய்து தூவிக் கைரேகை எடுப்பது, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றிச் செருப்புத் தடத்தை வார்ப்பது, சாக்பீஸில் பேனா மையை ஏறவிட்டு நிறம் நிறமாகப் பிரிப்பது. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கத்தான் அண்ணாச்சியை அழைத்திருந்தார்கள்.

அண்ணாச்சி முப்பது வருடம் அரசாங்கத் தடயவியல் கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தேடி வருகிறவர்களுக்காகத் துப்பறிகிறார். நான் ஞானசிகாமணி. அவருடைய ஸ்கூட்டரை ஓட்டுவதும், அவர் பேசாமல் இருக்கும் நேரத்திலெல்லாம் பேசுவதும் என் வேலை. அவருடைய மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. எனக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு வாடகை அறை உண்டு, அதில் ஒரு பாய் உண்டு. பண்டிகை நாளில் அவர் வீட்டுக்கு வர ஆளில்லை, எனக்குப் போக வீடில்லை. விடுமுறையில் பயிற்சி என்றதும் இரண்டு பேரும் யோசிக்காமல் தலையாட்டியதற்கு அதுதான் காரணம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி ஒரு பொய்க் களவை அரங்கேற்றியிருந்தார். மைக்ராஸ்கோப்பின் மரப்பெட்டி மட்டும் காலியாக மேஜை மேல் இருக்கும். "இந்தப் பெட்டியில் இருந்ததைக் கள்ளன் கொண்டு போயாச்சு, கண்டுபிடியுங்க" என்று ஆசிரியர்களிடம் சொல்லியாயிற்று. கள்ளன் வேஷம் எனக்கு. முகத்தைப் பார்த்தே தேர்ந்தெடுத்தாராம். உண்மையான மைக்ராஸ்கோப் ஆய்வுக்கூடத்தின் பின்னறை அலமாரியில் பத்திரமாக இருந்தது. சனிக்கிழமை காலை அதை எடுத்துவரப் போனேன். அலமாரி காலி.

தலைமை ஆசிரியர் சதாசிவன் வந்து சத்தம் போட்ட பிறகுதான் கைதட்டல் நின்றது.

"பின்னறைச் சாவி மோகனன் கையில மட்டுந்தான் உண்டு," என்றார் அவர். "பூட்டு உடையல்ல. இதுல துப்பறிய என்ன இருக்கு?"

மோகனன் அங்கே ஆய்வுக்கூட உதவியாளர். ஆறடி உயரம், ஆறு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். ஒன்பது வருடமாகத் தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்கும் தாள் திங்கட்கிழமை தலைமை ஆசிரியரின் கையெழுத்தோடு போக வேண்டியிருந்தது.

"எடுத்தது நீதானே?" என்று கேட்டார் சதாசிவன்.

"நான் எடுக்கல்ல சார்."

அதன் பிறகு ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். மிரட்டிக் கேட்டவர் உண்டு, தோளைத் தட்டி நயமாகக் கேட்டவர் உண்டு. என் பங்குக்கு நானும் கேட்டேன். "நீரா எடுத்தீர்? கள்ளன் வேஷம் எனக்காக்கும், என் வயித்துல அடிக்காதேயும்."

மோகனன் சிரிக்கவில்லை. "நான் எடுக்கல்ல," என்றார்.

அண்ணாச்சி கேட்டது வேறு மாதிரி. "எத்தனை மணிக்குப் பூட்டினீர்?"

"அஞ்சு மணிக்கு சார்."

"அலமாரிச் சாவி எங்க இருந்தது?"

"அலமாரியிலயே தொங்கிட்டுக் கெடந்தது."

"அஞ்சுக்கு முந்தி நீர் அந்தப் பக்கம் இல்லாத நேரம் உண்டா?"

"பிளாஸ்டர் வாளியைக் கழுவக் கிணத்துக்குப் போனேன். ஒரு பத்து மினிட்டு."

சதாசிவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி வரைக்கும் பார்ப்பேன் சாரே. கிடைச்சா கிடைச்சது. இல்லேன்னா மோகனன் பேரை எழுதிப் போலீசுக்குக் கொடுப்பேன். அந்தத் தாள்ல கையெழுத்தும் கிடையாது."

மோகனன் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பதினொரு மணிக்கு எல்லோருக்கும் சாயா வந்தது. அந்த பெஞ்சுப் பக்கம் ஒரு கிளாஸும் போகவில்லை.

பின்னறைக் கதவு பார்க்கவே பரிதாபமாக இருந்தது. முந்தின நாள் கைரேகைப் பயிற்சிக்கு ஆசிரியர்கள் அதைத்தான் பலி கொடுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் பென்சில் கரி, அடுப்பங்கரைச் சுவர் மாதிரி. அண்ணாச்சி வெளிப்பக்கத் தாழ்ப்பாள் கொண்டியில் மூக்கை வைத்தார்.

"இது மட்டும் பளபளன்னு இருக்கு. மண்ணெண்ணெய் மணக்குது."

"தொடச்சிருக்கான் பாருங்கோ," என்றார் சதாசிவன் வெற்றியோடு. "மண்ணெண்ணெயும் பஞ்சும் இங்க மோகனன்கிட்டதான் உண்டு."

அண்ணாச்சி கதவின் உள்பக்கம் போனார். அங்கே கரிக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் துடைபட்ட ஓர் இடம். விரலும் இல்லை, ரேகையும் இல்லை. டேப்பை வைத்து அளந்தார். தரையிலிருந்து மூன்றடி இரண்டு அங்குலம்.

"ஞானம், உள்ள இருந்து இந்தக் கதவைக் கை வைக்காம எப்படித் தொறப்பீர்?"

"காலால ஒரு ஒதை விடுவேன்."

"மூணடி ரெண்டு இஞ்சுக்குக் காலு வருமா உமக்கு?"

"கல்யாணத்துக்குப் பார்த்த காலத்துல வந்திருக்கும்."

"முழங்கை வே." அவர் கையை மடக்கிக் காட்டினார். அவருடைய முழங்கை அந்த இடத்துக்கு அரையடி மேலே நின்றது. "ரெண்டு கையிலயும் சாமான் இருந்ததுனால முழங்கையால தள்ளியாச்சு. மைக்ராஸ்கோப்பு என்ன கனம் இருக்கும்?"

"ஒரு நடுத்தரச் சேனைக்கிழங்கு."

"ஒத்தைக் கை போதும்லா? கள்ளன் ஒரு கையில தூக்கிட்டு மறு கையால கதவைத் தொறந்திட்டுப் போவான். ஒரு கை தண்டுல, ஒரு கை அடியில, அப்படித்தான் தூக்கணும்னு படிச்ச ஆளு மட்டும்தான் அப்படித் தூக்கும்."

ஜன்னல் வழியாக வகுப்பை எட்டிப் பார்த்தேன். "அப்படிப் படிச்ச ஆளுவ இருபத்துமூணு பேரு இருக்காவ," என்றேன். "ஏத்திட்டுப் போக வேன் பிடிக்கணும்."

அலமாரியில் இன்னும் இரண்டு சாமான்கள் குறைந்திருந்தன. ஸ்லைடு போடும் கண்ணாடிச் சில்லுகள் ஒரு பெட்டி, அவற்றின் மேல் வைத்து மூடும் மெல்லிய கண்ணாடிகள் ஒரு பொட்டலம். அண்ணாச்சி அதைச் சொல்லி, "விக்கப் போறவன் மரப்பெட்டியை விட்டுட்டு இதை எடுப்பானா?" என்றார். பிறகு மோகனனை அழைத்துக் கதவருகே நிறுத்தினார். மோகனனின் முழங்கை அந்த இடத்துக்கு ஏழு அங்குலம் மேலே.

"குனிஞ்சிருப்பான்," என்றார் சதாசிவன். சிலருக்கு எதுவும் சாட்சிதான்.

மோகனன் மறுபடியும் பெஞ்சுக்குப் போனார். அண்ணாச்சி வருகைப் பதிவை எடுத்து விரலால் வரிசையாகத் தடவிக்கொண்டே வந்தார். வியாழன் இருபத்துநான்கு கையெழுத்து. வெள்ளி இருபத்துநான்கு. சனி இருபத்துமூன்று.

"வராதது யாரு?"

"எங்க பள்ளிக்கூடத்து உமையம்மாள் டீச்சர்தான்," என்றார் சதாசிவன். "காய்ச்சல்னு சொல்லிவிட்டாவ. பாவம், வர்ற மார்ச்சுல ரிட்டயர். இருபத்தேழு வருஷத்துல ஒரு லீவு எடுக்காத ஆளு."

"உயரம்?"

"டீச்சரா? பிள்ளைகளுக்கு நடுவுல நின்னா கண்டுபிடிக்க முடியாது."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். மணி ஒன்றரை.

பாறசாலைப் பக்கம் உள்ளே தள்ளி இருந்தது டீச்சரின் வீடு. வழி நெடுக வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கின. பகலில் அவை எரியாது, சும்மா காற்றில் ஆடும். ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வேகத்தைக் கூட்டினேன். யாருமில்லாதவன் அந்த மாதிரி வீடுகளை மெதுவாகக் கடக்கக் கூடாது.

"மார்த்தாண்டத்துல வித்திருப்பாவளோ?" என்றேன் பேச்சை மாற்றுவதற்காக. "எல்லை தாண்டிட்டா கேக்க ஆளில்ல. அரிசி கடத்துற ஊருல மைக்ராஸ்கோப்பு கடத்தினா பெருமையாக்கும்."

"பேசாம ஓட்டும்."

"அப்பம் பொறாமையா இருக்கும். நமக்கப்புறம் வாறவன் அனுபவிக்கக் கூடாதுன்னு."

கிளம்புவதற்கு முன் அண்ணாச்சி பள்ளிக்கூடத்துச் சாமான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். வருடத்துக்கு ஒரு வரி, இருபத்தேழு வரி, எல்லாம் ஒரே கையெழுத்து. 'மைக்ராஸ்கோப் ஒன்று. நல்ல நிலையில் உள்ளது.'

பெரிய வீடு. முன்பு நிறையப் பேர் இருந்த வீடு என்பது நடை அகலத்திலேயே தெரிந்தது. இப்போது ஒரே ஒரு ஜோடிச் செருப்பு. கதவு சும்மா சாத்தியிருந்தது. அண்ணாச்சி கூப்பிட்டதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வாங்கோ. சத்தம் போடாம வாங்கோ."

பின்கட்டில் ஜன்னல் ஓரம் ஒரு மேஜை. அதன் மேல் மைக்ராஸ்கோப். கீழே உள்ள சின்னக் கண்ணாடி வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாசி பிடித்த குளத்துத் தண்ணீர். உமையம்மாள் டீச்சர் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தால் அதிகம். நரைத்த முடி, தேய்த்து மடிப்புக் கலையாத பருத்திச் சேலை. காய்ச்சல் இல்லை. எங்களைப் பார்த்து அவர் திடுக்கிடவும் இல்லை. கண்ணைக் கருவியிலிருந்து எடுக்கவே மனமில்லாமல் இருந்தார்.

"இப்பம்தான் ஒண்ணு ரெண்டாப் பிரியுது," என்றார் மெதுவாக. "பாதி வந்தாச்சு."

அண்ணாச்சி கேட்க வந்த கேள்வியை விழுங்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கேஸ் விஷயமாக அவ்வளவு நேரம் பார்க்க வேண்டியதில்லை.

பிறகு என் முறை. வெளிச்ச வட்டத்துக்குள் ஒற்றைச் செல் உயிர்களான பாரமீசியங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றையொன்று இடித்தன, விலகின, திரும்பி வந்தன. பாடப் புத்தகத்தில் செருப்பு மாதிரி இருக்கும் என்று படித்ததுதான். செருப்புத் தடத்தைத் தேடி வந்த இடத்தில் செருப்பே நீந்துகிறதே என்று ஒரு பகடி வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நடுவில் ஒன்று இடுப்பு ஒடுங்கி, இழுத்து இழுத்து, இரண்டாகப் பிரிந்து போயிற்று.

"இதை வருஷம் ரெண்டு தடவை போர்டுல வரைவேன்," என்றார் டீச்சர். "இருபத்தேழு வருஷம். கண்ணை மூடிட்டும் வரைவேன். பார்த்தது இன்னைக்குத்தான்."

"பள்ளிக்கூடத்துல இது இருந்ததே டீச்சர்," என்றார் அண்ணாச்சி.

"இருந்தது. அலமாரியில. உடைஞ்சா எடுத்த டீச்சரு பொறுப்பாக்கும். வந்த ஹெட்மாஸ்டர்மாரு எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், சாமான் பத்திரம். நானும் பயந்துட்டேன். சார்ட்டைத் தொங்கவிட்டுப் பாடம் நடத்தினேன். மார்ச்சு மாசம் நல்ல நிலையில் உள்ளதுன்னு எழுதி ஒப்புப் போடுவேன். நல்ல நிலையில இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? பெட்டியைத் தொறந்தாத்தானே." அவர் சேலைத் தலைப்பால் கருவியின் அடிப்பாகத்தைத் துடைத்தார். "நீங்க பெட்டியை விட்டு இதை வெளிய எடுத்தப்பம் மனசு கேக்கல்ல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நேத்து நீங்கதான சொன்னிய, கள்ளன் கொண்டு போயாச்சுன்னு. இருபத்துநாலு பேரும் நோட்டுல எழுதியாச்சு. போயாச்சுன்னு எல்லாரும் எழுதின சாமானை நான் ரெண்டு நாள் கொண்டு போனா யாரு தேடப் போறா? உங்க கள்ளனைப் பிடிக்கச் செருப்புத் தடம் போதுமே. சாமானு வேண்டாமே."

ஒரு பிழையும் இல்லாத கணக்கு. அறிவியல் ஆசிரியரால் மட்டும்தான் இப்படித் தப்பாக யோசிக்க முடியும்.

"திங்களாச்ச காலம்பற கொண்டு வச்சிருப்பேன்," என்றார் டீச்சர். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "விடிஞ்சதுல இருந்து இங்கதான் இருக்கேன். இந்த வீட்டுல என்னை விட்டா அசையிற சாதனம் வேற இல்ல. எங்க அம்மை போனப்புறம் இன்னைக்குத்தான் எனக்கு வீட்டுல ஆளு இருக்கிற மாதிரி இருந்தது."

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். விஷயத்தை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "டீச்சர், அங்க மோகனனைப் பிடிச்சு பெஞ்சுல உட்கார வச்சிருக்காவ. நாலு மணிக்குப் போலீசுக்கு எழுதப் போறாவ. அவரு வேலை போகும்."

டீச்சரின் முகம் மாறியது. "மோகனனையா? அவன் என்னத்துக்கு?" அவ்வளவுதான் கேட்டார். எழுந்து சில்லை எடுத்தார், கழுவினார், துடைத்தார். கருவியின் குழாயை உயர்த்தினார். ஒரு கை தண்டில், ஒரு கை அடியில். செருப்பைக் கூடக் கவனிக்காமல் வாசலுக்கு வந்துவிட்டார்.

ஸ்கூட்டரில் மூன்று பேரும் மைக்ராஸ்கோப்பும் முடியாது. ஆட்டோ பிடித்து அவர்கள் இருவரும் முன்னே போனார்கள், நான் பின்னே. ஆட்டோவில் நடந்த பேச்சை அண்ணாச்சி பிறகு சொன்னார். 'இதுவும் பயிற்சியில் ஒரு பகுதி, நான்தான் எடுத்து வைக்கச் சொன்னேன் என்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் ஒன்றும் வராது, மோகனனுக்கும் ஒன்றும் வராது' என்றாராம். டீச்சர் மைக்ராஸ்கோப்பை மடியில் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாராம்.

பள்ளிக்கூடம் சேரும்போது மணி மூன்று ஐம்பது. சதாசிவன் வராந்தாவில் மேஜை போட்டுப் பாதி எழுதியிருந்தார். ஆசிரியர்கள் சுற்றி நின்றார்கள். மோகனன் அதே பெஞ்சில், அதே இடத்தில்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "சாரே, இது உள்ளபடி பயிற்சியில ஒரு..."

"நான்தான் எடுத்தேன்," என்றார் உமையம்மாள் டீச்சர். மைக்ராஸ்கோப்பை மேஜை மேல் வைத்தார். "ஒருத்தர்கிட்டயும் கேக்காம எடுத்தேன். பார்க்கிறதுக்கு."

சதாசிவனுக்குப் பேனா நின்றுவிட்டது. "டீச்சர், மார்ச்சுல ரிட்டயர் ஆகிற நேரத்துல மெமோ வாங்கணுமா? சாரு சொல்ற மாதிரியே விட்டிருவோம்."

"உள்ளதை எழுதுங்கோ. நான் ஒப்புப் போடுதேன்."

சதாசிவன் எழுதினார். டீச்சர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். இருபத்துமூன்று பேரில் யாரும் இந்த முறை கை தட்டவில்லை. அந்த அமைதி அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை போலும். முழங்கைக் கதையை எடுத்தார். மூன்றடி இரண்டு அங்குலம், நிறைந்த இரண்டு கைகள், விட்டுப் போன மரப்பெட்டி. எல்லாவற்றையும் சொல்லி, ஆசிரியர்கள் வாய் பிளந்து கேட்ட பிறகு, கடைசியில் டீச்சரிடம் திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடல்ல டீச்சர். இத்தனை சாமர்த்தியமா அந்தக் கொண்டியை மட்டும் ஏன் மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சிய?"

"எந்தக் கொண்டி?" என்றார் டீச்சர். "நான் ஒண்ணும் தொடைக்கல்ல. உள்ள போகத் தொறந்தேன், கையில கரி ஒட்டிச்சு. வரும்போ ரெண்டு கையிலயும் சாமான் இருந்ததுனால கொண்டியைப் போடக்கூட இல்ல."

"நான் தொடச்சேன் சார்," என்றார் மோகனன்.

எல்லோரும் பெஞ்சுப் பக்கம் திரும்பினோம். காலையிலிருந்து அந்தப் பக்கம் எல்லோரும் சேர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கிணத்தடியில நின்னேன். டீச்சர் தூக்கிட்டுப் போனதைக் கண்டேன். பச்சைப் பிள்ளையைத் தூக்குற மாதிரி அடியில கை கொடுத்துத் தூக்கிட்டுப் போனாவ. களவாண்டு போறவுக அப்படிப் போக மாட்டாவ, கொண்டு வந்திருவாவன்னு நினைச்சேன். கொண்டியில டீச்சருக்க விரலு கறுப்பா விழுந்து கெடந்தது. ரெண்டு நாளா சாரு படிச்சுக் கொடுத்ததை நானும் வெளிய நின்னு கேட்டுட்டுதானே இருந்தேன். அதனால தொடச்சுட்டுப் பூட்டினேன்."

கரியும் டேப்பும் இல்லாமல், கிணற்றடியில் வாளி கழுவிக்கொண்டே, அண்ணாச்சி அரை நாள் அலைந்து கண்டுபிடித்ததை அவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருந்தார்.

சதாசிவனின் குரல் இறங்கிவிட்டது. "உனக்க வேலை போகும்னு நான் சொன்னப்பமாவது சொல்லியிருக்கலாம்லா மோகனா. காலையிலயிருந்து என்னத்துக்கு வாய் தொறக்காம இருந்த?"

மோகனன் கோபப்படவில்லை. தனக்கே சரியாகச் சொல்லிப் பார்ப்பது போல்தான் சொன்னார்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ சார். எடுத்தது நீதானான்னு எல்லாரும் கேட்டிய. எத்தனை மணிக்குப் பூட்டினீருன்னு இந்தச் சாரு கேட்டாரு. யாரு எடுத்தாவன்னு எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல்ல."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அவர் அப்படிக் குனிந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கும் வெட்கமாக இருந்தது. நான் கேட்டதும் அதே கேள்விதான், கூட ஒரு பகடி வேறு.

மோகனன் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் போனார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. எங்களில் ஒருவருக்கும் உள்ளே போகக் கால் வரவில்லை. உமையம்மாள் டீச்சர் மட்டும் செருப்பில்லாத காலோடு உள்ளே போய், மறுபக்கத்து ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கினார்.